கடைசியாக இருந்தவள்

காது குத்துகிறேன் என்று தோன்றினால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது நடந்தது. எனக்கு நடந்தது. என் அக்காவும் இதில் கொஞ்சத்தைக் காதால் கேட்டிருக்கிறாள். அக்கா என்னை மாதிரி இல்லை. அவள் சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள், அப்படி ஒரு முகம் அவளுக்கு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்த மாதம் முடியும்போது நான் உயிரோடு இருப்பேனா என்று எனக்கே தெரியாது. சாக வேண்டும் என்று துடிக்கவில்லை. நாளைக்கு என்று ஒன்று வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் மரத்துப் போகுமே, அது உடம்பு முழுக்க இருந்தது.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

வாடகை வீட்டில் யாராவது தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டால், பிறகு அந்த வீட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பார்க்க வருகிற அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? எங்கள் தரகர் பொய் சொல்ல மாட்டார். அதில் அவருக்குத் தனிப் பெருமை. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்களை மாதிரி ஆட்களை அந்த வீட்டில் ஒரு மாதம் குடிவைப்பார். அப்புறம் யாராவது கேட்டால், ஒரு அம்மா இருந்தாங்க, ஒரு தொந்தரவும் இல்லை, நல்லபடியா காலி பண்ணிட்டுப் போனாங்க என்பார். அத்தனையும் உண்மை. அந்த அம்மாவுக்கு முன்னால் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இதற்கு அவர் வைத்த பெயர் ரூமைச் சூடேத்துறது. மாலையானால் விளக்குப் போட வேண்டும், எதிர்க் கட்டடத்துக்குத் தெரிகிற மாதிரி. வெங்காயமாவது வதக்க வேண்டும், வாசம் வெளியே போக. பால்கனியில் துணி தொங்க வேண்டும். வாசலில் செருப்புக் கிடக்க வேண்டும். விதிகளும் உண்டு. அக்கம்பக்கத்தில் ஒட்டக் கூடாது. பாதியில் ஓடக் கூடாது. உனக்கு முன்னால் யார் என்று கேட்கக் கூடாது. ஊரெல்லாம் கேட்கிற அந்த ஒரு கேள்வியை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் கேட்பதில்லை. கேட்காமல் இருந்து பழகிவிட்டோம். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த அறைக்கு மட்டும் தரகர் தானாகவே சொன்னார். கணக்கு வாத்தியார் ஒருவர், தனிக்கட்டை, சில மாதங்களுக்கு முன்னால். அக்கம்பக்கத்தில் எப்படியும் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன் என்றார். நேர்மையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு சாவியை வாங்கினேன்.

நாலாவது மாடி. நீள நடையின் கோடியில் என் அறை. ஒரு மெத்தை, ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இன்னொரு கதவு, எப்போதும் சாத்தியிருக்கும். அதன் வாசலில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. நீல வார். பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், சரி, என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாளே எதிர்வீட்டு அம்மா படியில் பிடித்துக்கொண்டார். நான் ஒட்டவில்லை, அவர்தான் ஒட்டினார். வாத்தியாருக்குக் காதல் தோல்வி என்றார். கீழ்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு ஏறி வந்து, காதலாவது கத்தரிக்காயாவது, அவருக்கு வெளியே சொல்ல முடியாத வியாதி என்றார். இல்லை, தலைக்கனம், யாரோடும் பேச மாட்டார் என்றார் அந்த அம்மா. கோழை என்றார். அடுத்த மூச்சிலேயே, அதுக்கும் ஒரு தைரியம் வேணும்ல என்றார். இருவரும் வாத்தியாரோடு ஒரு தடவைகூடச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

"உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சும்மா. ஒரு வாரம்கூட இல்ல. பயந்து ஓடிடுச்சு" என்றார் அந்த அம்மா. வாட்ச்மேன் சொன்னாராம். எங்கள் ஆட்களில் யாரோ ஒருத்தி, தைரியம் போதாதவள், என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வருகிற நிலையில் நான் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். ஜனங்கள் காரணம் தேடுவது செத்தவருக்காக இல்லை. காதல் தோல்வி என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால், காதல் தோல்வி இல்லாத தங்கள் வீட்டுக்கு அது வராது. வியாதி என்று ஒட்டிவிட்டால், வியாதி இல்லாத பிள்ளை பத்திரம். இதை நான் என் தம்பி விஷயத்தில் பார்த்தேன்.

ஆமாம், என் தம்பி. போன வருஷம். அவன் வேலை பார்த்த ஊரில். சேதி கேட்டுப் போனது நாங்கள் நாலு பேர்தான், அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தோம். நான் வேலை பார்த்த துணிக்கடையில் விஷயம் அரசல் புரசலாகத் தெரிந்து, ஆளுக்கொரு காரணத்தோடு வந்தார்கள். வேலையை விட்டேன். அம்மா வேறு வழி பிடித்தாள். சொந்தக்காரர்களிடம் அவன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான் என்று சொல்லிவிட்டாள். நல்ல சம்பளம், லீவு கிடைக்கவில்லை. அவன் படம்கூட வீட்டுச் சுவரில் இல்லை. செத்தவர்களின் படத்தைத்தானே மாட்டுவோம். வீட்டில் அவன் பெயரைச் சொல்ல முடியாது, சொன்னால் அம்மா உடனே சம்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அழ இடமில்லாத வீட்டில் அழுகை எங்கே போகும்? எனக்கு அது நின்றே போயிற்று. அப்போதுதான் இந்த வேலை கிடைத்தது. யாரும் எதுவும் கேட்காத வேலை.

குரல் முதல் வாரத்திலேயே வந்தது.

மாலை ஆறே முக்கால். விளக்குப் போட்டுவிட்டு மெத்தையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்திருந்தேன். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் அது.

"சாப்பிட்டியா?"

பெண் குரல். சுவருக்கு அந்தப் பக்கம். தன் பிள்ளையைக் கேட்கிறாள் போல என்று இருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி, "சாப்பிட்டியா?" இந்த முறை என்னைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது.

ஆச்சு என்றேன்.

"ம்."

அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் எதற்கு என்று எதுவும் இல்லாமல் ஒரு மனுஷி என்னிடம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. சுவர் வழியாகப் பேசினால் அது ஒட்டுவதாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாளும் வந்தாள். அதே நேரம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறே முக்கால். அதற்கடுத்த நாளும் அதே. நான் எப்போதும் ஆச்சு என்றுதான் சொல்வேன். பல நாள் அது பொய். வதக்கிய வெங்காயம் அப்படியே வாணலியில் கிடக்கும்.

ஒரு நாள் அவள் கூடுதலாக ஒன்று சொன்னாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போடு, இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ளும் என்று. அன்று காலையில்தான் அது மாட்டிக்கொண்டு நான் உள்ளே கிடந்து போராடியிருந்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரித் தாழ்ப்பாள்தானே என்று நினைத்தேன். குழாயை முழுக்க மூடாதே, முக்காலில் நிறுத்தினால் சொட்டாது என்றாள். நிறுத்திப் பார்த்தேன். சொட்டவில்லை.

எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் குழாய்... இருக்கலாம்.

பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்த ஆரம்பித்தன. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரச் சத்தம் வந்ததில்லை. தண்ணீர் விழுகிற ஓசை இல்லை. கதவுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. அந்த நீலச் செருப்பு முதல் நாள் கிடந்த கோணத்திலேயே கிடந்தது. குனிந்து பார்த்தேன். மேலே தூசி, மெல்லிசாக, ஒரே சீராக.

குரலும்தான். அது ஆள் நிற்கிற உயரத்திலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. தரையில் உட்கார்ந்து, என்னை மாதிரியே சுவரில் சாய்ந்திருப்பவள் குரல். நடுவில் ஒரு சுவர். முதுகுக்கு முதுகு.

ஒரு மாலை நான் எழுந்திருக்கும்போது கை தற்செயலாகச் சுவரில் பட்டது. சுவர் முழுக்கச் சில்லென்றிருந்தது. நான் சாய்ந்த இடம் சூடாக இருந்தது. அது சரி. அதற்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, இன்னொரு இடமும் சூடாக இருந்தது.

நான் அங்கே சாயவே இல்லை.

பயந்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. சரியான மனநிலையில் இருப்பவள் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பாள். நான் கையை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அம்மா பிற்பகலில் போன் செய்தாள். குரலில் ஒரு தடுமாற்றம் இருந்தது. தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறாளாம். படித்தவளாம். தம்பிக்குக் கேட்கிறார்களாம்.

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டாளாம், அவர்கள் விடவில்லையாம், போட்டோவாவது அனுப்புங்கள் என்கிறார்களாம்.

"எந்தப் போட்டோ அனுப்பலாம், நீ சொல்லு. அந்த நீலச் சட்டை போட்டது நல்லாருக்கும்ல?"

அம்மாவைத் திட்டாதீர்கள். அவளை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். பிள்ளை செத்தான் என்று சொன்னால் அழலாம், எப்படிச் செத்தான் என்று சொன்னால் அவள் வளர்ப்பைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் அவனைச் சாகாதவனாக வைத்துக்கொண்டாள். இப்போது அவனுக்குக் கல்யாண வயசு.

நீலச் சட்டையே நல்லாருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகு உள்ளே ஏதோ அணைந்து போனது. துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்துக்குக்கூட ஒரு உயிர் வேண்டும். அன்று மாலை நான் விளக்குப் போடவில்லை. வெங்காயம் வதக்கவில்லை. காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்தேன், நாற்காலியைச் சுவரோரம் தள்ளினேன், அறையைப் பெருக்கினேன். முடிவெடுத்துவிட்டேன். என்ன செய்யவிருந்தேன் என்பதை எழுத மாட்டேன். அது யாருக்கும் தேவையில்லை.

மெத்தையில் உட்கார்ந்தேன்.

இருட்டிக்கொண்டு வந்தது.

கடிகாரத்தின் முள் மட்டும் லேசாக மின்னியது. ஆறே முக்கால்.

"சாப்பிட்டியா?"

சுவரிலிருந்து இல்லை.

அறைக்குள்ளிருந்து.

என் வலது பக்கம். ஒரு முழம் தள்ளி.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் சொன்னது. "ஆச்சு."

"பொய்."

மெத்தையின் அந்த ஓரம் மெதுவாக அமுங்கியது. எனக்குத் தெரிந்தது. நான் லேசாக அந்தப் பக்கம் சரிந்தேன்.

"நானும் ஆச்சுன்னுதான் சொன்னேன்."

மாதக்கணக்கில் மரத்துக் கிடந்த உடம்பில் முதல் தடவையாக ஏதோ ஓடியது. பயம். பல் தந்தியடித்தது. சாகத் துணிந்தவளுக்கு என்ன பயம் என்று கேட்காதீர்கள். பயந்தேன். அவ்வளவு பயந்தேன்.

"அக்காவுக்குப் போன் போடு."

எனக்கு அக்கா இருக்கிறாள் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"போடு. பொய் சொல்லாத."

போட்டேன். இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன்.

அக்கா எடுத்தாள். என்னடி, இந்த நேரத்துல என்றாள்.

"அக்கா... எனக்குப் பயமா இருக்கு. என்னை நினைச்சே பயமா இருக்கு. தனியா இருக்க முடியல. வா."

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி எங்கே இருக்கிறாய் என்பது. கட்டடம், மாடி எல்லாம் சொன்னேன். போனை வைக்காதே, பேசிக்கொண்டே இரு, கதவைத் திறந்து வெளியே வந்து நடையில் உட்கார் என்றாள். அவள் செருப்பு மாட்டுவது, படி இறங்குவது, வண்டி கிளம்புவது எல்லாம் காதில் விழுந்தது.

அப்போதுதான் அக்கா கேட்டாள்.

"பக்கத்துல யாருடி அழறது?"

நான் அழவில்லை.

என்னால் அழ முடியாது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் இப்போது கேட்டது. வலது பக்கம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அடக்கி அடக்கி... வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி.

எப்படி எழுந்தேன், தாழ்ப்பாளை எப்படித் தூக்கினேன், தெரியாது. நடையின் நடுவில் விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அழுதேன். எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்து மூடியது.

தம்பியைப் பற்றி அன்றுதான் நாங்கள் இருவரும் முதல் தடவையாகப் பேசினோம். அவன் பெயரைச் சொல்லிப் பேசினோம்.

மறுநாள் காலையில் அக்காவோடு என் சாமான்களை எடுக்கப் போனேன். இரவெல்லாம் யோசித்து எனக்கு நானே ஒரு விளக்கம் செய்துவைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எப்படியோ உள்ளே வந்திருக்கிறாள். கதவை நான் சரியாகப் பூட்டியிருக்க மாட்டேன். எப்படியிருந்தாலும் என்னைக் காப்பாற்றியவள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று அந்தக் கதவைத் தட்டினேன்.

கீழேயிருந்து வாட்ச்மேன் ஏறி வந்தார். அங்கே யாரைத் தட்டுகிறீர்கள் என்றார். இந்த வீட்டு அம்மாவை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து சாவி எடுத்துத் திறந்து காட்டினார்.

வீடு இல்லை. சாமான் அறை. வாத்தியாரின் கட்டில், பீரோ, புத்தக அலமாரி, கரும்பலகை, எல்லாம் தரையிலிருந்து கூரைவரை திணித்திருந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் யாரும் எடுக்க வரவில்லையாம். வந்தால் அவர் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடுமே. என் அறையை ஒட்டிய சுவரோடு பீரோ சேர்த்து நிறுத்தியிருந்தது. நடுவில் ஒரு கை நுழைய இடமில்லை.

அங்கே யாரும் உட்கார முடியாது.

அக்கா வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். அப்போ இது யாருடையது என்று கேட்டாள்.

வாட்ச்மேன் முகத்தில் ஈயாடவில்லை. மென்று முழுங்கினார். அது முன்னாடி அந்த ரூமில் இருந்த பெண்ணுடையது, பயந்து போய்விட்டாளே, அவளுடையது, மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள், நான்தான் இந்தப் பக்கம் தள்ளி வைத்தேன் என்றார்.

"செருப்ப மறந்துட்டு யாராவது வெறுங்காலோட போவாங்களா?" என்றாள் அக்கா.

அவர் கதவைப் பூட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா அன்றைக்கே என்னை ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மாத்திரை தந்தார், நிறையப் பேச வைத்தார். ஒரேயடியாக எதுவும் சரியாகிவிடவில்லை. மெதுவாக உணர்ச்சி திரும்பியது, பல் வலிக்க ஆரம்பிக்கிற மாதிரி. தம்பியைக் கேட்ட அந்தப் பெண் வீட்டாருக்கு அக்காவே போன் செய்து, தம்பி இல்லை, எப்படி இல்லாமல் போனான் என்று உள்ளதைச் சொன்னாள். அம்மா எங்கள் இருவரோடும் பேச்சை நிறுத்தினாள். பிறகு ஒரு நாள், நாங்கள் எதிர்பார்க்காத ஒரு நாளில், நீலச் சட்டைப் படத்தைச் சட்டம் போட்டு வாங்கி வந்து, ஆணி எங்கேடி அடிக்கலாம் என்று கேட்டாள்.

சாவியைத் திருப்பித் தரத் தரகர் அலுவலகத்துக்குப் போனபோதுதான் மிச்சம் தெரிந்தது.

தரகர் வெளியே போயிருந்தார். எங்கள் ஆட்களில் மூத்தவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பழைய பஸ் கண்டக்டர். எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்தைந்து வயசிருக்கும், யாரைப் பார்த்தாலும் உள்ள போ, உள்ள போ என்று கிண்டல் செய்கிற மனுஷன். எந்த ரூம் என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கே ஏதாவது... என்று இழுத்தார்.

தினமும் ஒரு குரல், ஆறே முக்காலுக்கு, சாப்பிட்டியா என்று கேட்டது என்றேன்.

அவர் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு சொன்னார். எங்கள் ஆட்களில் சிலருக்குள், எனக்குத் தெரியாமல், ஒரு பழக்கம் இருந்ததாம். தனித்தனி அறைகளில் தனியாகக் கிடப்பவர்கள் ஆயிற்றே என்று அவரே ஆரம்பித்து வைத்த பழக்கம். மாலையில் ஒருவர் இன்னொருவருக்குப் போன் செய்ய வேண்டும். பெரிதாக எதுவும் பேச வேண்டாம். சாப்பிட்டியா என்று கேட்டால் போதும். குரலைக் கேட்டால் ஆள் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவளுக்குப் போன் செய்கிற முறை அவருடையது.

நேரம் ஆறே முக்கால்.

"கடைசி நாளும் கேட்டேன் தங்கச்சி. ஆச்சுன்னு சொல்லுச்சு. குரல் நல்லாத்தான் இருந்துச்சு. வச்சுட்டேன்."

அவள் ஓடிப் போகவில்லை. அந்த அறையை விட்டு அவள் நடந்து வெளியே வரவே இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சத்தமில்லாமல், தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மறுநாளே தரகர் அந்தப் போன் பழக்கத்தை நிறுத்திவிட்டாராம், வீணாகப் பயம் கிளப்ப வேண்டாம் என்று. அந்த வார முடிவிலேயே சாவியை என் கையில் கொடுத்திருக்கிறார்.

நான் சூடேற்றப் போனது வாத்தியாருக்காக இல்லை. அவளுக்காக.

தரகர் வந்தார். அவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, மறைக்கவும் இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"உன்கிட்ட நான் பொய் சொன்னேனாம்மா? நீ கேக்கல, நான் சொல்லல. இப்ப அந்த ரூம்ல கடைசியா இருந்தது நீ. நல்லபடியா வெளிய வந்துட்ட. இனிமே யாரு கேட்டாலும் உன்னத்தான் சொல்வேன்."

வாத்தியாருக்காவது கோழை, வியாதி, தலைக்கனம் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். திட்டவாவது அவர் இருக்கிறார். அவள் அந்தக் கட்டடத்தில் பயந்து ஓடிப்போன ஒருத்தி. தரகர் வாயில் அதுகூட இல்லை. நான் உயிரோடு இறங்கி வந்த அன்றைக்கு அவள் அங்கே இருந்தது இல்லாமல் போய்விட்டது. என்னைப் பிழைக்க வைத்தவளை நான் பிழைத்ததே துடைத்துவிட்டது.

வேலையை விட்டுவிட்டேன். விடும்போது தரகரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த அறையைப் பார்க்க வருகிறவர்கள் கடைசியாக இருந்தவரிடம் பேச வேண்டும் என்றால் என் போன் நம்பரைக் கொடுங்கள் என்றேன். அவருக்குச் சந்தோஷம். கொடுக்கிறார்.

சிலர் கூப்பிட்டார்கள். எல்லோரிடமும் சொன்னேன். கடைசியாக இருந்தது நான் இல்லை, அவள், அந்த அறையில் இறந்துபோனாள் என்று. எல்லோரும் ஒன்று போல ஏன் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

அவள் பேர் என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கண்டக்டரிடம் கேட்டேன், தங்கச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், அவருக்கும் தெரியவில்லை. தரகரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லையேம்மா என்றார்.